கிக்கும் பேஸும் ஒரே ஆள்: வீட்டு ரெக்கார்டிங்குக்கு டிரம்ஸ், பேஸ் டிராக் அமைப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: கிட்டார் வாசித்துப் பாடத் தெரியும். வீட்டில் ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக் இருக்கின்றன. டிரம்மர் இல்லை, பேஸ் வாசிக்க ஆளும் இல்லை. திரும்பத் திரும்ப ஓடும் ரெடிமேட் இசைத் துண்டுகளை, அதாவது லூப்களைப் போட்டுப் பாடினால் பக்கத்து அறையில் வேறு யாரோ வாசிப்பது போல இருக்கிறது. டிரம்ஸையும் பேஸையும் நானே செய்துகொள்ள முடியுமா?

முடியும். டிரம்ஸ் குச்சியைக் கையில் பிடித்ததே இல்லை என்றாலும் முடியும். லூப் ஒட்டாமல் போவதற்குக் காரணம் அதன் சத்தம் மோசம் என்பதல்ல. பெரும்பாலும் அவை நல்ல ஸ்டுடியோவில் நல்ல கலைஞர்கள் வாசித்தவைதான். ஆனால் அவர்கள் உங்கள் பாட்டைக் கேட்டு வாசிக்கவில்லை. உங்கள் மூன்றாவது வரி எங்கே இழுக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறீர்கள் என்பதெல்லாம் லூப்புக்குத் தெரியாது. அதனால் நான் சொல்லப்போகும் வரிசையில் டிரம்ஸ் முதலில் வராது, உங்கள் குரல்தான் முதலில் வரும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'டிரம் அண்ட் பேஸ்' என்ற பெயரில் சுமார் 170 பி.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை பீட்) வேகத்தில் ஓடும் தனி இசை வகை ஒன்று உண்டு. இங்கே அது பேச்சில்லை. ஒரு பாட்டுக்கு அடியில் ஓடும் டிரம்ஸ், பேஸ் கிட்டார் இரண்டையும் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் டெம்போ, அதாவது பாட்டின் வேகம். மெட்ரோனோம் எதுவும் இல்லாமல் கிட்டாரோடு பாட்டை ஒருமுறை முழுதாகப் பாடி, போனில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே 30 விநாடிக்கு எத்தனை பீட் வருகிறது என்று எண்ணி, இரண்டால் பெருக்கினால் பி.பி.எம். கிடைத்துவிடும். பல்லவியில் ஒருமுறை, சரணத்தில் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வார்த்தைகள் நெருக்கமாக வரும் வரியையும், ஒரே எழுத்தை நீளமாகப் பிடிக்கும் வரியையும் வைத்து முடிவு செய்யுங்கள். முதலாவதில் நாக்கு தடுக்கக் கூடாது, இரண்டாவதில் மூச்சு தீரக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் டெம்போ இருக்கிறது.

இதை நான் கற்றது ஒரு பாடு பட்டுத்தான். ஒரு பாட்டுக்கு 100 பி.பி.எம். என்று மனக்கணக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து டிரம்ஸ் எழுதி, அதை ஆடியோவாகவும் மாற்றிவிட்டேன். பாட நின்றபோதுதான் தெரிந்தது, அந்தப் பாட்டு 94-க்கு உரியது. ஆறு எண்தானே என்று தோன்றும். 100-இல் 3 நிமிடம் ஓடும் பாட்டு 94-இல் 11 விநாடி கூடுதலாக ஓடும்; அந்த 11 விநாடியில்தான் என் மூச்செல்லாம் இருந்தது. அன்றிலிருந்து டிரம்ஸைக் கடைசி நாள்வரை மிடியாகவே வைத்திருக்கிறேன். மிடி என்பது எப்போது, எந்த நோட், எவ்வளவு பலத்தில் என்ற குறிப்பு மட்டும்தான். டெம்போவை மாற்றினால் கூடவே வந்துவிடும்.

டெம்போ முடிவானதும் கிளிக்கோடு (மெட்ரோனோம் ஓசையோடு) சேர்ந்து கிட்டார், குரல் இரண்டையும் ஒரு தடவை பதிவு செய்யுங்கள். இதுதான் கைடு டிராக். அழகாக இருக்க வேண்டியதில்லை, தாளம் தப்பாமல் இருந்தால் போதும். 'டிக் டிக்' என்ற கிளிக் எரிச்சலாக இருந்தால் ஷேக்கர் சத்தத்தைக் கிளிக்காக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தானாக ஆடும், பாடுவதும் இளகும். இனி டிரம்ஸில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் இந்தக் கைடுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு மேல் இதில் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேக் வைத்திருந்தால் காரேஜ்பேண்டில் இருக்கும் டிரம்மர் வசதியே ஆரம்பத்துக்குத் தாராளம். ரீப்பர் 60 நாள் சோதனைக்குக் கிடைக்கும். டிரம் பேட்டர்ன் எழுத மட்டும் என்றால் ஹைட்ரஜன் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. டிரம் ஒலிகளுக்கு எம்டி பவர் டிரம் கிட் இலவசம். ஈசிடிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ் போன்றவை காசு கொடுத்து வாங்குவது. கார்டுகளை (கிட்டாரில் பிடிக்கும் சுரக்கூட்டுகளின் பெயர்களை) தட்டச்சு செய்தால் முழுப் பக்கவாத்தியத்தையும் வாசித்துக் கொடுக்கும் பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற மென்பொருளும் உண்டு. பயிற்சிக்கு அருமையானது, சொந்தப் பாட்டுக்கு என்று வரும்போது பழைய லூப் பிரச்சினை கொஞ்சம் அதிலும் எட்டிப் பார்க்கும்.

நிஜ டிரம்ஸை வீட்டில் பதிவு செய்யலாமா? ஒரு மைக்கும் சாதாரண அறையும்தான் கையில் என்றால் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் பதில் நான் எப்போதும் செய்யும் ஒரு தந்திரம் இருக்கிறது. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஓசையுள்ள டிரம்), ஹை-ஹேட் (ஜோடித் தாளத்தட்டு) மூன்றையும் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டு, ஒரு ஷேக்கரையோ டாம்பரினையோ கையில் எடுத்து, அந்த ஒரே மைக் முன்னால் நின்று பாட்டு முழுக்க நானே வாசித்துப் பதிவு செய்வேன். காப்பி-பேஸ்ட் கிடையாது; மூன்று நிமிடமும் கை வலிக்க வாசிப்பேன். மனிதக் கை வாசித்த ஒரே ஒரு வாத்தியம் நடுவில் இருந்தால், மற்ற எல்லாம் மெஷின் என்பது காதுக்குச் சட்டென்று பிடிபடாது.

சரி, எழுதத் தொடங்கலாம். 1991-இல் வந்த ஜெனரல் மிடி ஏற்பாட்டின்படி கிக் 36-ஆம் நோட், ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்த ஹை-ஹேட் 46, கிராஷ் 49, ரைடு 51 (இவை இரண்டும் பெரிய தாளத்தட்டுகள்). பெரும்பாலான டிரம் மென்பொருள்கள் இந்த எண்களை மதிக்கின்றன. அதனால் ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் போட்டால் பெரும்பாலும் அப்படியே ஒலிக்கும். சின்ன மிடி கீபோர்டு இருந்தால் மவுஸால் புள்ளி வைப்பதைவிட இரண்டு விரலால் தட்டி எழுதுவது நல்லது. தப்பும் தவறுமாக வந்தாலும் அதில் ஒரு நடை இருக்கும்.

முதலில் கிக்கும் ஸ்னேரும் மட்டும். நாலு பீட் பாட்டாக இருந்தால் ஸ்னேர் 2, 4-இல். அதை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசனை எல்லாம் கிக்கில்தான். 1-இல் ஒரு கிக் நிச்சயம். மற்றவை எங்கே என்பதற்குக் கைடு டிராக்கில் உங்கள் கிட்டார் கையைக் கேளுங்கள். ஸ்ட்ரம் செய்யும்போது தடித்த கம்பிகள் எங்கே கனமாக விழுகின்றன? பாட்டு வரியில் எந்த அசை அழுந்தி விழுகிறது? அங்கே கிக் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது பீட்டிலோ, அதற்கு அரை பீட் முன்னாலோ பின்னாலோ ஒரு கிக் வரும். இரண்டு கிக்கில் பாட்டு நின்றுவிட்டால் மூன்றாவதைத் தேடாதீர்கள். ஆறு எட்டுத் தாளமாக இருந்தால் கிக் 1-இல், ஸ்னேர் 4-இல் என்று தொடங்கினால் போதும்.

அதன் பிறகு ஹை-ஹேட். இங்கே ஒரு சின்ன விதி: டிரம்மருக்கு இரண்டு கை, இரண்டு கால். ஹை-ஹேட், ஸ்னேர், கிராஷ் மூன்றும் ஒரே கணத்தில் விழுந்தால் அது மூன்று கைக்காரர் வாசிப்பது. கேட்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று உறுத்தும். டாம்களில் (மற்ற உருளை டிரம்களில்) ஃபில், அதாவது அடுத்த பகுதிக்குக் கூட்டிப் போகும் சிறு உருட்டல், வாசிக்கும்போது ஹை-ஹேட் கை அங்கே போய்விடுகிறது, ஆகவே ஹை-ஹேட்டை அழியுங்கள். கிராஷ் அடிக்கும்போது பெரும்பாலும் கிக்கும் சேர்ந்து விழும். கிராஷ் மட்டும் தனியாக விழுந்தால் ஒல்லியாகக் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்து, எழுதியதைக் காற்றில் கையாலும் காலாலும் வாசித்துப் பாருங்கள். கை சிக்கினால் அந்த இடம் தவறு. வீட்டில் யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

வெலாசிட்டி, அதாவது அடியின் பலம், 1 முதல் 127 வரை போகும். புதிதாக எழுதுபவர்கள் எல்லா அடியையும் 100-இல் வைத்துவிடுவார்கள். ஹை-ஹேட் அரை பீட்டுக்கு ஒருமுறை விழுகிறது என்றால், பீட்டில் விழுவது 90 பக்கமும் நடுவில் விழுவது 60 பக்கமும் இருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே தையல் மெஷின் ஓசை மறைந்துவிடும். 2, 4-இல் வரும் ஸ்னேர் 105 முதல் 115-க்குள் லேசாக மாறிக்கொண்டிருக்கட்டும். நல்ல டிரம்மர்கள் இந்தப் பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேரைக் குச்சியால் லேசாகத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். கோஸ்ட் நோட் என்பது அதுதான். 25 முதல் 40 வெலாசிட்டியில் ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) ஒன்றோ இரண்டோ போதும். தனியாகக் கேட்டால் தெரிய வேண்டும், பாட்டோடு கேட்டால் தெரியக் கூடாது.

நேரம் விஷயத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். அடிகளைக் கட்டக் கோட்டுக்கு இழுக்கும் குவான்டைஸை நூறு சதவீதம் போட்டால் விறைத்துப் போகும். 'ஹியூமனைஸ்' பொத்தானை அழுத்தினால் எல்லா அடியும் கண்டபடி சிதறி, குடித்துவிட்டு வாசித்த மாதிரி ஆகும். டிரம்மரின் விலகல் தற்செயல் அல்ல, அது அவருடைய பழக்கம். ஒருவர் ஸ்னேரை எப்போதும் ஒரு முடி அளவு தாமதமாக அடிப்பார். இன்னொருவர் ஹை-ஹேட்டை எப்போதும் முன்தள்ளுவார். அதனால் கிக்கைக் கட்டத்திலேயே விட்டுவிட்டு, ஸ்னேர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து 8 முதல் 10 மில்லி விநாடி பின்னால் தள்ளிப் பாருங்கள். 90 பி.பி.எம்.-இல் கால் பீட் என்பதே 167 மில்லி விநாடி. அதில் 10 என்பது ஒன்றுமில்லை. ஆனால் பாட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அவசரமான பாட்டாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது ஸ்விங். உங்கள் லூப் ஒட்டாததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். 1980-இல் ராஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினிலேயே இந்த ஏற்பாடு இருந்தது: இரண்டிரண்டாக வரும் நோட்டுகளில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதிப்பது. 50 சதவீதம் என்றால் நேர் நடை. 66 பக்கம் போனால் மூன்றாகப் பிரித்து நடு நோட்டை விட்டதுபோல, திஸ்ர நடையாகக் கேட்கும். நம் கை கிட்டார் ஸ்ட்ரம் செய்யும்போது நமக்கே தெரியாமல் 54, 56 என்று ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில் 50-இல் நேராக நடக்கும் லூப்பைப் போட்டால் இரண்டு பேர் வேறுவேறு வேகத்தில் நடந்த மாதிரி இருக்கத்தான் செய்யும். கைடு கிட்டாரின் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மேல்நோக்கிய ஸ்ட்ரம் கட்டக் கோட்டுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது என்று கண்ணாலேயே பாருங்கள். ஹை-ஹேட்டுக்கு அந்த அளவு ஸ்விங் கொடுங்கள். இதைச் செய்துவிட்டால் பழைய லூப் ஒன்றுகூடத் திடீரென்று பொருந்தக்கூடும்.

பாட்டின் வடிவத்துக்கு வருவோம். எட்டு பார் எழுதி முப்பது தடவை ஒட்டினால் அதுவும் ஒரு லூப்தான். முதல் சரணத்தில் ஸ்னேரின் நடுவில் அடிக்காமல் விளிம்பில் குச்சியைப் படுக்கவைத்துத் தட்டும் ஓசையைப் போடுங்கள், அது 37-ஆம் நோட். பல்லவியில் முழு ஸ்னேர், ஹை-ஹேட்டுக்குப் பதில் ரைடு. இரண்டாவது சரணத்துக்குத் திரும்பும்போது முதலாவதைப் போலவே இருக்காமல் ஒரு கிக் கூடுதலாக. ஃபில்களை நான் கஞ்சத்தனமாகத்தான் வைப்பேன். பல்லவிக்கு முந்தைய பாரின் கடைசி இரண்டு பீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விட்டுப் பாருங்கள். எந்த டாம் உருட்டலும் அந்த வெற்றிடம் அளவுக்குப் பல்லவியைத் தூக்கிக் கொடுக்காது. முதல் எட்டு பாருக்கு டிரம்ஸே இல்லாமல் விடுவதும் ஒரு வழி. நாம் கஷ்டப்பட்டு எழுதினோம் என்பதற்காக அது முழு நேரமும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டிரம்ஸ் இந்த அளவில் அரைகுறையாகவே இருக்கட்டும். மெருகேற்றப் போகாதீர்கள். பேஸ் வந்தபின் எப்படியும் திருத்துவோம்.

பேஸ் கிட்டார் இல்லையே என்றால் இரண்டு வழி. ஒன்று, மிடி வழியாக ஒலிக்கும் பேஸ் மென்பொருள். ஆம்பிள் பேஸின் லைட் பதிப்பு இலவசம், ஓசையும் நன்றாக இருக்கும். இன்னொன்று எனக்குப் பிடித்தது: உங்கள் கிட்டாரே. கிட்டாரின் அடி நாலு கம்பிகளும் பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளும் ஒரே சுரங்கள், ஒரு ஸ்தாயி மட்டும் வித்தியாசம். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸில் அது 41. கிட்டாரில் பிக்கப் இருந்தால் நேராக இன்டர்ஃபேஸில் செருகி, ஒற்றை நோட்டாக, பிக் இல்லாமல் விரல் சதையால் வாசித்து, மென்பொருளில் 12 அரைச்சுரம் கீழே இறக்குங்கள். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் வெட்டிவிடுங்கள். கம்பியில் விரலை இழுத்தால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும். தாவித் தாவி வாசியுங்கள். மிடியைவிட இதில் உங்கள் கை இருக்கிறது என்பதுதான் லாபம்.

பதிவு செய்யும்போது இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' பொத்தானை அழுத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஓசை மங்கிவிடும். 24 பிட்டில், உச்சம் -10 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வாசித்த நோட் தாமதமாகக் காதில் விழுந்தால், கம்ப்யூட்டர் ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவை, அதாவது பஃபரைக் குறையுங்கள்: 48 கிலோ ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லி விநாடி, போக வர சேர்த்து அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஒலி காற்றில் ஒரு மீட்டர் நகரவே கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே இது ஆம்ப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போலத்தான். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் அசியோ என்ற டிரைவர் மென்பொருளைப் போட்டால்தான் தாமதம் இந்த அளவுக்குக் குறையும்.

மிடியில் எழுதுவதானால் நாலு கம்பி பேஸின் மிகக் கீழான நோட் 28 என்பதை நினைவில் வையுங்கள். அதற்குக் கீழே எழுதினால் ஏதோ ஒலிக்கும், ஆனால் அது பேஸ் கிட்டார் அல்ல. ஒரு நோட் முடியுமுன் அடுத்தது தொடங்கி இரண்டும் மேற்படிந்தால் சேறாகிவிடும், ஆகவே ஒவ்வொரு நோட்டின் வாலையும் பாருங்கள்.

வால் என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பேஸில் என்ன நோட் என்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது சுலபம்: கார்டின் ரூட் நோட் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்), முதல் பீட்டில், கிக்கோடு சேர்ந்து. பாதிப் பாட்டுகளுக்கு இதுவே போதும். நோட் எப்போது நிற்கிறது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரு சோதனை செய்யுங்கள். முதல் பீட்டில் தொடங்கும் பேஸ் நோட்டை, இரண்டாவது பீட்டில் வரும் ஸ்னேரையும் தாண்டி ஓடவிட்டுக் கேளுங்கள். அப்புறம் அதே நோட்டை ஸ்னேர் விழுவதற்குச் சற்று முன்னால் வெட்டிவிட்டுக் கேளுங்கள். ஸ்னேரில் எதையும் தொடாமலே அது பெரிதாகக் கேட்கும், பாட்டுக்கு இடுப்பு வந்துவிடும். சரணத்தில் இப்படி வெட்டி வாசித்துவிட்டு, பல்லவியில் நோட்டுகளை முழு நீளம் ஓடவிட்டால், ஒரு புது வாத்தியமும் சேர்க்காமல் பல்லவி விரிந்துவிடும்.

கிக்கும் பேஸும் இரண்டு வாத்தியம் என்று நினைக்காதீர்கள். கிக் தருவது ஒரு நோட்டின் தொடக்கம், அந்த 'தப்'. அதற்கு நீளமும் சுரமும் கொடுப்பது பேஸ். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஒலி. இதனால் ஒவ்வொரு கிக்கிலும் பேஸ் விழ வேண்டும் என்று அர்த்தமில்லை, அப்படி வாசித்தால் சலித்துவிடும். ஆனால் கிக் இல்லாத இடத்தில் பேஸ் விழுந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: அடுத்த கார்டுக்குக் கூட்டிப் போவது, குரல் நிறுத்திய இடத்தில் ஒரு பதில் சொல்வது, அப்படி ஏதாவது. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு விரலால்தான் வாசித்தார். கம்பிகளைச் சாமானியமாக மாற்ற மாட்டார், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நுரைப்பஞ்சு வைத்து நோட்டின் வாலை அமுக்கியிருந்தார். அவர் அத்தனை நோட்டுகள் வாசித்தும் பாடகரை மறைக்காததில் அந்தப் பஞ்சுக்கும் பங்கு உண்டு. உங்கள் கிட்டாரிலும் பிரிட்ஜ் அருகே கம்பிக்கு அடியில் ஒரு துண்டு பஞ்சைச் செருகிப் பாருங்கள்.

நோட்டுகளில் கொஞ்சம் அசைவு வேண்டும் என்றால், அடுத்த கார்டுக்குப் போகுமுன் கடைசி அரை பீட்டில், வரப்போகும் ரூட்டுக்கு அரைச்சுரம் கீழே உள்ள நோட்டைத் தொட்டுவிட்டுப் போங்கள். 'சி'-யிலிருந்து 'எஃப்'-க்குப் போகும்போது நடுவில் 'இ'. ரூட்டின் பஞ்சமம் எப்போதும் பாதுகாப்பானது. மேல் ஸ்தாயி ரூட்டைப் பல்லவிக்கென்று எடுத்து வையுங்கள். சுதியும் இதில் விளையாடும்: பாட்டு 'டி'-யில் இருந்தால் நாலு கம்பி பேஸில் கிடைக்கும் கீழான ரூட் 73 ஹெர்ட்ஸ்தான், 'இ'-யில் இருந்தால் 41. ஒரே பாட்டை ஒரு முழுச்சுரம் ஏற்றிப் பாடினால் அடித்தளம் கனப்பது இதனால்தான். குரல் இடம் கொடுத்தால் யோசிக்கலாம்.

பேஸ் முடிந்ததும் கிட்டாரை ம்யூட் செய்துவிட்டுக் குரல், பேஸ், டிரம்ஸ் மட்டும் கேளுங்கள். பிறகு டிரம்ஸையும் அணைத்துவிட்டுக் குரலும் பேஸும் மட்டும். பாட்டு எந்தக் கார்டில் போகிறது என்று இந்த இரண்டிலேயே புரிய வேண்டும். எங்கேயாவது குரலுக்கும் பேஸுக்கும் உரசல் இருந்தால், மற்ற வாத்தியங்களைச் சேர்த்தால் மறையும் என்று நம்பாதீர்கள். இப்போது டிரம்ஸுக்குத் திரும்புங்கள். பேஸ் துணைக்கு வராமல் தனியாகத் துடிக்கும் கிக்குகள் சில கண்ணில் படும்; அவற்றில் பாதியை அழித்தால் யாருக்கும் குறை தெரியாது. பேஸில் நீங்கள் தற்செயலாக நன்றாக வாசித்துவிட்ட ஒரு நெளிவு இருந்தால், கிக்கை அதற்கேற்ப நகர்த்துங்கள். இந்தப் போக்குவரத்து இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டும். பேஸைத் திரையில் பார்த்துக் கிக்கோடு கோடு போட்ட மாதிரி அடுக்காதீர்கள். தாழ்ந்த நோட் முழு ஓசைக்கு வரச் சற்று நேரம் எடுக்கும், ஆகவே காதை நம்புங்கள். கிக்குக்கு முன்னால் ஓடும் பேஸை மட்டும் இழுத்துப் பிடியுங்கள்.

மிக்ஸிங் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஒரே ஒரு முடிவு எடுத்தால் பாதி வேலை தீரும்: இரண்டில் யார் கீழே? கிக் 60 ஹெர்ட்ஸ் பக்கம் அமர்ந்தால் பேஸுக்கு 100 பக்கம் இடம் கொடுங்கள். பேஸ் ஆழமாக வேண்டும் என்றால் கிக்கை மேலே ஏற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே இடத்தைப் பெருக்கினால் இரண்டும் காணாமல் போகும். இரண்டையும் நடுவில் வையுங்கள், இடம் வலம் பரப்பாதீர்கள். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். பேஸுக்கு, சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரசர் 4:1, அட்டாக் 20 மில்லி விநாடி என்று தொடங்கி, 4 முதல் 6 டெசிபல் அமுங்கினால் சரியாக இருக்கும். ரிவெர்ப் (அறை எதிரொலி) பேஸுக்கு வேண்டாம். ஸ்னேருக்கும் ஹை-ஹேட்டுக்கும் ஒரு சின்ன அறையின் ரிவெர்ப், அதே ரிவெர்ப்பில் கிட்டாருக்கும் துளி. அப்போதுதான் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். பக்கத்து அறைக்காரர் உள்ளே வந்துவிடுவார்.

போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவில்லை என்று பலர் சத்தத்தை ஏற்றுவார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123, 164 என்று மேலே போகும் ஒலிகள் கேட்டால் மூளை அடி நோட்டைத் தானே நிரப்பிக்கொள்ளும். பேஸில் லேசான சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு) சேர்த்து 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் எழுப்பினால் போனிலும் தெரியும். அறையில் ஸ்பீக்கரில் கேட்கும்போது எழுந்து நடந்து பாருங்கள். சின்ன அறையில் ஒரு மூலையில் பேஸ் இடிக்கும், இரண்டடி தள்ளி வந்தால் காணாமல் போகும். உட்கார்ந்த இடத்தில் கேட்டதை மட்டும் வைத்து முடிவு செய்தால் அறையைத்தான் மிக்ஸ் செய்கிறோம், பாட்டை அல்ல.

எல்லாம் தயாரானபின் கைடை ம்யூட் செய்துவிட்டு, இந்த டிராக்கின் மேல் கிட்டாரையும் குரலையும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். முன்னால் நாலு பீட் எண்ணிக்கை விட மறக்காதீர்கள். டிரம்ஸின் மிடியை இப்போதும் அழிக்க வேண்டாம். நல்ல அடித்தளம் கிடைத்ததும் நீங்கள் கைடில் பாடியது போல இப்போது பாட மாட்டீர்கள். ஒரு வரியைத் தள்ளி எடுப்பீர்கள், ஒரு சொல்லைக் கூடுதலாக இழுப்பீர்கள், அங்கே பழைய ஃபில் ஒன்று குறுக்கே நிற்கும். அதை எடுத்துவிடுங்கள்.